விளக்கைப் பின்னால் வைத்துப் பார்த்த கதை

"தம்பி, பரிசளிப்பு விழாவுக்கு நிழல் நாடகம் போடப்போறம். லைற் உங்கட பொறுப்பு" என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட நாடக ரீச்சர் சொன்னபோது, யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். கலியாணம், சாமத்தியவீடு என்று கமரா தூக்கித் திரிகிறவனுக்கு ஒரு வெள்ளைத் துணியும் ஒரு லைற்றும் பெரிய வேலையா என்ன?

நாடகம் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் கதை. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரனிடமிருந்து பிடித்ததில் தொடங்கி, அதே வருடம் ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் தோற்பது வரை. அந்த இடத்தில் நிற்கும் நினைவு நடுகல்லை எங்கள் பிள்ளைகள் ஒட்டுசுட்டான் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்தவர்கள். ஒரு பொடியன் வன்னியன், இன்னொருவன் வெள்ளைக்காரக் கப்டன். பீரங்கி கார்ட்போட்டில் செய்தது, அதன் சில்லு மட்டும் அசல் சைக்கிள் சில்லு.

முதல் ஒத்திகைக்கு நான் கொண்டுபோனது 50 வாட்ஸ் எல்.ஈ.டி. போக்கஸ் லைற். கலியாண வீடுகளில் வாசலில் கட்டுகிறோமே, அந்தச் சதுர லைற்தான். புதுக் கட்டில் விரிப்பு ஒன்றைக் கட்டி, அதற்கு மூன்றடி பின்னால், ஆள் தலை உயரத்துக்கு லைற்றைப் பிடித்தோம். ஸ்விச்சைப் போட்டதும் முன்னால் இருந்த பிள்ளைகள் எல்லாரும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். துணியின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு, வெல்டிங் அடிப்பதைப் பார்ப்பது போல. சுற்றிவர மங்கல். வன்னியனின் வாள் கிட்ட வரும்போது வாளாகவும், ஓரடி பின்னுக்குப் போனால் அகப்பையாகவும் தெரிந்தது. வெளிச்சம் போதவில்லையாக்கும் என்று இன்னொரு லைற்றையும் பூட்டினேன். அவ்வளவுதான், எல்லாருக்கும் இரண்டு இரண்டு நிழல். ரீச்சர் நல்ல மனுசி. "பரவாயில்லைத் தம்பி, வன்னியன்ர படையில ஆள் கூடினது நல்லதுதானே" என்றார்.

வீட்டுக்கு வந்து இரவு படுத்தபிறகுதான் சைக்கிள் டைனமோ ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளில், போர்க்காலப் பொருளாதாரத் தடையால், பற்றறி வன்னிக்குள் வராது. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் சின்னப் போத்தலை வைத்துக் கொளுத்திய சிக்கன விளக்கில்தான் நாங்கள் படித்தோம். றேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற வேண்டும். அண்ணன் சுற்றுவார், அப்பா செய்தி கேட்பார். செய்தி முடிந்ததும் நாங்கள் றேடியோ வயரைக் கழற்றி டைனமோவில் அந்தக் கடலையளவு பல்பைக் கொளுவுவோம். சுற்றுகிற சில்லின் நிழல் ஓலைத் தட்டியில் விழும். அண்ணன் மெல்லச் சுற்றினால் வெளிச்சம் மங்கும், கம்பி ஒவ்வொன்றாக எண்ணலாம். கம்பியின் நிழல் கோடு கீறினது போல இருக்கும். அதே சில்லைச் சிக்கன விளக்குக்கு முன் பிடித்தால் கம்பி ஒன்றும் தெரியாது, ஏதோ புகை மாதிரி ஒரு வட்டம்.

காரணம் வெளிச்சத்தின் கூடுதல் குறைவு இல்லை. வெளிச்சம் எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வருகிறது என்பதுதான் காரணம். டைனமோ பல்பின் இழை நெல்மணியிலும் சின்னது. விளக்குச் சுவாலை அதைவிடப் பல மடங்கு பெரியது. போக்கஸ் லைற்றோ தோசைக்கல் அளவு. சதுரத்தின் ஒவ்வொரு மூலையும் தன்பாட்டுக்கு ஒரு நிழலை விழுத்தும், எல்லாம் சேர்ந்து ஓரம் கரைந்துவிடும். துணியோடு ஒட்டி நின்றால் அந்தக் கரைசல் தெரியாது. துணியை விட்டு விலக விலகக் கூடும். இதை வருடக்கணக்காகக் கமராவில் மறுபக்கமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். முகத்தில் நிழல் மெத்தென்று விழ வேண்டும் என்றுதானே பெரிய குடை லைற் பிடிக்கிறோம்? நிழல் நாடகத்துக்கு அதற்கு நேரெதிராக வேண்டும் என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

டைனமோ பல்ப் ஒரு மண்டபத்துக்குக் காணாது. அதனால் மோட்டார் சைக்கிள் ஹெட்லைற் பல்ப் ஒன்றை வாங்கினேன், 12 வோல்ற், 35 வாட்ஸ், ஹலஜன். செய்து பார்க்க நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன். அந்தப் பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். கிட்ட வெளிச்சத்துக்கான இழைக்குக் கீழே ஒரு தகரக் கிண்ணம் இருக்கும், அது பாதி வெளிச்சத்தை மறைத்துவிடும். ஆகவே தூர வெளிச்சத்து இழைக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். பல்பின் நுனியில் கறுப்புப் பூச்சு இருந்தால் நுனியைத் திரைக்கு நேரே காட்டாமல் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். பின்னால் பளபளவென்று தகரமோ கண்ணாடியோ இருக்கக்கூடாது, அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் இரண்டாவது நிழலைக் கொண்டுவரும். நான் ஒரு பால்மாப் பேணியை வெட்டி, உள்ளே கறுப்புப் பெயின்ற் அடித்து, பல்பை அதற்குள் இருத்தினேன். 35 வாட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 3 அம்பியர் இழுக்கும். முழுதாகச் சார்ஜ் ஏறிய 5 அம்பியர் மணி பற்றறியில் ஒரு மணித்தியாலம் பயமில்லாமல் ஓடும். பல்ப் கடும் சூடாகும். கண்ணாடியில் விரல் படக்கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடத்தில் வெடித்துவிடக்கூடும். துணி, ஓலை, பிள்ளைகளின் பாவாடை ஒன்றும் கிட்ட வரக்கூடாது. எங்களுக்கு ஒரு பெரிய பொடியன் அதற்கென்றே காவல் இருந்தான், ஒரு வாளி மண்ணோடு.

வெளிச்சம் போக்கஸ் லைற்றோடு பார்க்கையில் சொற்பம்தான். அதற்கு மண்டபத்தை இருட்டாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. யன்னல் எல்லாவற்றுக்கும் கறுப்புப் பொலித்தீன் அடித்தோம். கண் இருட்டுக்கு ஓரளவு பழகவே இரண்டு நிமிடமாவது எடுக்கும், ஆகவே அந்த இரண்டு நிமிடமும் திரைக்குப் பின்னால் உடுக்கு மட்டும் அடிக்க வைத்தார் ரீச்சர். அது அவருடைய யோசனை. நாடகத்திலேயே எனக்குப் பிடித்த இடமும் அதுதான்.

திரை விசயத்திலும் புதுக் கட்டில் விரிப்பு சரிவரவில்லை. பல தடவை தோய்த்துப் பழசான பருத்தி வேட்டிதான் வெளிச்சத்தைச் சீராகப் பரப்பியது. எட்டு முழ வேட்டி இரண்டை நீளவாக்கில் பொருத்தித் தைத்தோம். தையல் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. ரீச்சர் அதற்கு மேலே இரண்டு பனைகளைக் கார்ட்போட்டில் வெட்டி ஒட்டி, அந்தக் கோட்டை வயல் வரம்பாக்கிவிட்டார்.

பல்பை எங்கே வைப்பது என்பதற்குத்தான் நேரம் போனது. கடைசியில் திரைக்குப் பன்னிரண்டடி பின்னால், மேடைத் தரையில் வைத்தோம். தரையில் வைத்ததில் இரண்டு லாபம். முன்னால் இருப்பவரின் கண்ணுக்கும் பல்புக்கும் நேர்கோடு இழுத்தால் அது திரையின் அடிக்கரையைத் தொட்டுப் போகும். அந்த இடத்தில் முக்கால் அடி உயரத்துக்குக் கறுப்புத் துணியைப் புல் மாதிரி வெட்டித் தொங்கவிட்டால் வெள்ளைப் பொட்டு கண்ணில் படாது. மற்றது, நிழல் பெரிதாகும்போது கால் நிலத்திலேயே நிற்கும், தலை மட்டும் மேலே ஏறும். லைற்றை நெஞ்சு உயரத்தில் வைத்தால் பெரிதாகும் ஆளின் கால் திரைக்குக் கீழே போய் மறைந்துவிடும்.

கணக்கு சின்னக் கணக்குதான். பல்பிலிருந்து திரை பன்னிரண்டடி. திரைக்கு ஓரடி இப்பால் நிற்கும் பொடியன் ஏறக்குறையத் தன் அளவில் தெரிவான். நடுவில், ஆறடியில் நின்றால் இரண்டு மடங்கு. பல்பிலிருந்து நாலடியில் நின்றால் மூன்று மடங்கு. நிலத்தில் வெள்ளை ரேப் ஒட்டி 1, 2, 3 என்று எழுதிவிட்டோம். கப்டன் 1இல் தொடங்கி 2க்குப் பின்னோக்கி நடப்பான். முன்னால் இருப்பவருக்கு அவன் வளர்ந்து கொண்டே வருவது போல இருக்கும். வன்னியன் 1ஐ விட்டு அசைய மாட்டான். வசனம் ஒன்றும் தேவைப்படவில்லை. பல்ப் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு நாளும் பீரங்கிச் சில்லைத்தான் முதலில் பிடிப்போம். கம்பிகளை எண்ண முடிந்தால் தொடங்கலாம்.

ஆனால் ஒரு சிக்கல் தீரவில்லை. காட்சி மாறும்போது பின்னால் நிற்கும் பிள்ளைகள் பல்புக்கு முன்னால் குறுக்கே ஓடுவார்கள். அரச சபையில் திடீரென்று பத்தடி உயரத்தில் ஒரு இரட்டைப் பின்னல் பறந்து போகும். சனம் சிரித்துவிடும். ரீச்சர் கத்திக் களைத்துவிட்டார். அதைத் தீர்த்தது அம்மாவின் ஒரு பழைய பழக்கம்.

2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் எங்கள் கொட்டிலுக்கு வெள்ளைத் தறப்பாள்தான் சுவர். இரவில் உள்ளே குப்பிவிளக்குக் கொளுத்தினால் வெளியே நின்று பார்க்கிறவருக்கு உள்ளே நடப்பது அத்தனையும் தெரியும். யார் குனிகிறார், யார் தலை பின்னுகிறார், யார் பிள்ளைக்குச் சோறு தீத்துகிறார், எல்லாம். வந்த முதல் கிழமையிலேயே பெண்கள் இதைக் கண்டுகொண்டார்கள். உடுப்பு மாற்றும்போது விளக்கை நூர்த்துவார்கள். விளக்கு எரியத்தான் வேண்டும் என்ற நேரங்களில் அம்மா அதைப் பாதைப் பக்கத் தறப்பாளோடு ஒட்டி வைப்பார். ஆட்கள் விளக்குக்கு உட்புறம் இருந்தால் பாதைப் பக்கம் நிழல் விழாது. மற்றப் பக்கம் சேலை ஒன்றைக் குறுக்கே கட்டியிருந்தோம். யாரும் சொல்லிக்கொடுத்த பௌதிகம் இல்லை. தங்கைகளுக்காக அவராகக் கண்டுபிடித்தது.

அதேதான் மேடைக்கும். வெளிச்சத்துக்கும் துணிக்கும் நடுவில் வருகிறவருக்கு மட்டும்தான் நிழல். நடிக்காதவர்கள் எல்லாரும் பல்புக்குப் பின்னால் இருக்க வேண்டும், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதென்றாலும் பல்புக்குப் பின்னால் சுற்றித்தான் போக வேண்டும் என்று ஒரு கயிறு கட்டினோம். அதற்குப்பின் இரட்டைப் பின்னல் பறக்கவில்லை.

சரி, நாடகக் கதை போதும். கமராவோடு வந்த பட்டறிவையும் எழுதிவிடுகிறேன், அங்கே நான் வாங்கிய பேச்சு இன்னும் கூட.

தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு சோடியை இரணைமடுக் குளக்கட்டில் வைத்துப் படம் எடுத்தேன். தை மாதம். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து தண்ணீர்ப் பக்கமாக இறங்கும். பின்னால் குளம் முழுக்கப் பொன். கமராவின் சின்னத் திரையில் பார்க்க அமோகமாக இருந்தது. அல்பத்துக்கு அடித்துக் கொடுத்தபோது பொம்பிளையின் தகப்பன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டுச் சொன்னார், "தம்பி, குளம் நல்ல வடிவா வந்திருக்கு. எங்கட மருமகனைத்தான் காணேல்லை."

கமராவுக்கு யார் மாப்பிள்ளை என்று தெரியாது. முழுச் சட்டத்துக்குள்ளும் இருக்கும் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்து, சராசரிக்குச் சாம்பல் நிறத்தளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் சூரியன் நின்றால் "ஐயோ, வெளிச்சம் கூடிப்போச்சு" என்று எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். முகம் கரிக்கட்டை. இப்போதெல்லாம் வெளிச்ச அளவையை ஸ்பொட்டில் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் முறை) போட்டு முகத்தில் அளக்கிறேன், அல்லது எக்ஸ்போசரை ஒன்று, ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டிவிடுகிறேன். பின்னால் வானம் வெளுத்துப் போகும், போகட்டும். கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள் திரையில் முகத்தை அழுத்திப் பிடித்து, பக்கத்தில் வரும் சூரியச் சின்னத்தை மேலே தள்ளினால் அதே வேலைதான்.

வானமும் வேண்டும், முகமும் வேண்டும் என்றால் முன்னாலிருந்து கொஞ்சம் வெளிச்சம் கொடுக்க வேண்டும். பிளாஷை ஒரு ஸ்டொப் குறைத்து அடிக்கலாம். எனக்கு றெஜிபோம் (வெள்ளைத் தெர்மோகோல்) தட்டுத்தான் விருப்பம். சூரியனையே திருப்பி முகத்தில் விடுகிறது, நிறம் மாறாது, கண்ணில் ஒரு வெள்ளை மினுக்கமும் வரும். எவ்வளவு கிட்டப் பிடிக்கிறோமோ அவ்வளவு பலன். ஆனால் சோளகக் காற்றுக் காலத்தில் குளக்கட்டுக்கு றெஜிபோம் கொண்டுபோகாதீர்கள். எனது ஒரு தட்டு உதவிக்கு வந்த தம்பியின் கையை விட்டுப் பறந்து, தண்ணீரில் இறங்கி, வடிவாக மிதந்து போனது. அன்றைய படங்களில் இரண்டில் அதுவும் இருக்கிறது. காற்று நேரத்தில் வெள்ளை வேட்டியை நாலாக மடித்து இரண்டு பேர் பிடிப்பது மேல். முல்லைத்தீவுக் கடற்கரை மணல் தானாகவே தட்டு வேலை செய்யும். கிறவல் றோட்டும் செய்யும், ஆனால் அந்தச் சிவப்பு முகத்தில் ஏறி எல்லாரும் மஞ்சள் பூசினது போல வருவார்கள். சில முகங்களுக்கு அது வடிவு.

முல்லைத்தீவு என்றதும் இன்னொன்று. கடல் அங்கே கிழக்கில். மாலையில் கடலைப் பின்னால் வைத்துச் சூரியன் விழுகிற படம் வேண்டும் என்று கேட்டுச் சோடிகள் வருவார்கள். சூரியன் நந்திக்கடல் களப்புப் பக்கம், தரைக்குள்ளேதான் விழும். கடலும் பின்வெளிச்சமும் சேர்ந்து வேண்டுமானால் விடிய ஐந்தரைக்கே வெளிக்கிட வேண்டும். பொம்பிளைக்குச் சேலை உடுத்தி முடிய ஒன்பது மணியாகிவிடும் என்பது வேறு கதை. பின்னேரத்திலேயே கடலுக்குள் சூரியன் விழ வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களை மன்னார்ப் பக்கம் போகச் சொல்லிவிடுவேன்.

எங்கள் ஊர் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாகவே இறங்கும். பிந்தி வந்தால் காத்திருக்காது. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்து, தொடுவானத்துக்கு ஒரு சாண் மேலே நிற்கும்போது தொடங்கினால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடக் கிடைக்கும். அதில் முதல் பாதி முகப் படங்களுக்கு, கடைசிப் பத்து நிமிடம் நிழலுருவப் படங்களுக்கு என்று பிரித்து வைத்திருக்கிறேன். நிழலுருவத்தில் முகத்துக்கு வெளிச்சம் வேண்டாம், உருவத்துக்குத்தான் இடைவெளி வேண்டும். இரண்டு பேரும் கட்டிப்பிடித்தால் நெல் மூட்டை மாதிரி வரும். மூக்குக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு விரலளவு வானம் தெரிய வேண்டும். கையை இடுப்பை விட்டு விலத்தி வைக்க வேண்டும். பின்னால் பனை நின்றால் தலையில் முளைத்தது போல இருக்கும், இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள், வன்னித் தூசியில் ஒரு விரல் அடையாளம் இருந்தாலும் படம் முழுக்கப் பால் ஊற்றினது போல ஆகிவிடும். லென்ஸுக்கு முன்னால் பூட்டும் பாதுகாப்புக் கண்ணாடியையும் கழற்றிவிட வேண்டும், சூரியனின் பச்சைப் பேயுரு அதில்தான் பிறக்கிறது. பழைய வகைக் கமராவின் கண்துளையால் சூரியனை நேரே பார்க்க வேண்டாம், கண் போய்விடும்.

பின்வெளிச்சத்தில் எனக்கு மிகப் பிடித்தது மனிதரைவிடப் புகையும் தூசியும்தான். சூடடித்த களத்தில் நெல் தூற்றும்போது சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்று பாருங்கள், தூசி கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சுற்றி மற்றப் பக்கம் போய், தூற்றுகிறவருக்குப் பின்னால் சூரியன் வரும்படி நின்றால் ஒவ்வொரு பதரும் தனித்தனியாக எரியும். நுண்ணிய துணிக்கைகள் தங்கள்மேல் படும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பாமல் முன்னோக்கியே சிதற விடுகின்றன. நீராவியும் மழைத்துளியும் அப்படித்தான்.

பொங்கலுக்கு இது ஒரு தர்மசங்கடம். பானை முற்றத்தில், வீட்டார் எல்லாரும் கிழக்கைப் பார்த்து நிற்பார்கள். அவர்களின் முகத்தை எடுக்கக் கிழக்கில் நின்றால் எல்லாரும் கண்ணைச் சுருக்குவார்கள், பானையின் ஆவி தெரியாது. மேற்கில் நின்றால் ஆவி பொன்னாகக் கிளம்பும், ஆனால் முதுகுகள்தான் கிடைக்கும். சில வருடமாக நான் செய்வது மேற்கில் இருந்துகொண்டு காத்திருப்பது. எல்லாரும் கிழக்கைப் பார்க்கும்போது விறகு தள்ள யாரோ ஒருவர் மற்றப் பக்கம் போயே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா.

போன பொங்கலுக்கு ஏழு மணிபோல பால் பொங்கி வழிய, அம்மா பானைக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்து, தென்னம் மட்டையால் நெருப்பைத் தள்ளினார். சூரியன் அவருக்குப் பின்னால், தலைமயிர் ஒவ்வொன்றும் வெள்ளி. முற்றத்தில் போட்டிருந்த மாக்கோலமும் அப்பாவின் வெள்ளை வேட்டியும் அவருடைய முகத்துக்குப் போதுமான வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தன. "புகை கண்ணுக்குள்ள போகுது, கெதியா எடு" என்று திட்டினார். எடுத்தேன். முகம், ஆவி, மயிர் எல்லாம் சரியாக வந்திருக்கிறது. தென்னம் மட்டை மட்டும் சட்டத்தின் கரையில் பாதியாக வெட்டுப்பட்டுப் போனது. வருகிற பொங்கலுக்கு இரண்டடி பின்னுக்குப் போய் நிற்க வேண்டும், கிணற்றடிப் பக்கம் இடம் இருக்கிறது.